தண்ணி தாங்குற பைப் காத்தைத் தாங்குமா?

போன மே மாச லீவுல ஊருக்குப் போனப்போ, மாமா வீட்டுக்குப் பின்னாடி புதுசா ஒரு ஷெட் போட்டிருந்தார். கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில இருபது வருஷத்துக்கு மேல ஃபிட்டரா இருந்தவர். இப்போ வீட்டிலேயே சின்ன லேத், டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட் வச்சுக்கிட்டு கேட், கிரில் வேலை பார்க்கிறார். கிரில்லுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்க, கிரைண்டிங் தூசி ஊதித் தள்ள, செகண்ட் ஹேண்ட்ல 3 எச்பி கம்ப்ரசர் ஒண்ணு வாங்கியிருந்தார். அதிலிருந்து கிளம்பி, ஷெட்டோட சுவர் முழுக்கச் சுத்தி, வெளியே பெயிண்ட் அடிக்கிற இடம் வரைக்கும் ஒரு ஏர் லைன். சுமார் 20 மீட்டர். ஒரு இன்ச் பைப். சாம்பல் நிற பிவிசி.

நான் மேலேயே பார்த்துக்கிட்டு நின்னதைக் கவனிச்சுட்டார்.

"என்ன மாப்ள, பைப்பையே பாத்துட்டு நிக்கற?"

"மாமா, இது பிவிசிதானே? ஏர் லைனுக்கு இது போடக்கூடாதுன்னு சொல்வாங்களே."

"யாரு சொன்னா? போர் போட்டப்போ மீந்த பைப்பு. 10 கிலோ தாங்கும்னு அதுலயே எழுதியிருக்கான் பாரு. நம்ம கம்ப்ரசர் 8 கிலோவுல தானா கட் ஆயிரும். ரெண்டு கிலோ மிச்சம் இருக்குதில்ல? தண்ணிய தாங்குற பைப்பு, வெறும் காத்தைத் தாங்காதா?"

என்கிட்ட பதில் இல்லை. "போடக்கூடாது"ன்னு கேள்விப்பட்டிருக்கேன், அவ்வளவுதான். ஏன்னு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறவன் இருபது வருஷ ஃபிட்டர்கிட்ட "கேள்விப்பட்டேன் மாமா"ன்னு சொன்னா எப்படி எடுபடும்? அதுவும் அந்த லைனுக்கு நேர் கீழே, ஃபேன் காத்து வர்ற இடம்னு, ஏழாவது படிக்கிற அவர் பையன் பெஞ்ச் போட்டு ஹோம்வொர்க் எழுதிக்கிட்டிருந்தான். அன்னிக்கு ராத்திரி தெர்மோ நோட்டை எடுத்துட்டு உட்கார்ந்தேன்.

கணக்கு ரொம்பப் பெருசு இல்லை. ஒரு இன்ச் பைப், 20 மீட்டர் நீளம்னா உள்ளே கிட்டத்தட்ட 10 லிட்டர் இடம். அதுல 8 கிலோ பிரஷர், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ, ஏறக்குறைய 8 பார். முதல்ல அந்த 10 லிட்டர் முழுக்கத் தண்ணீர்னு வச்சுக்குவோம். தண்ணீர் அழுத்தத்துக்குச் சுருங்கவே சுருங்காதுன்னு சொல்லலாம்; அதோட பல்க் மாடுலஸ் சுமார் 2.2 கிகா பாஸ்கல். அழுத்தத்தின் வர்க்கத்தைக் கொள்ளளவால பெருக்கி, பல்க் மாடுலஸோட இரண்டு மடங்கால வகுத்தா உள்ளே சேமிச்சிருக்கிற ஆற்றல் கிடைக்கும். வந்த விடை வெறும் 1.5 ஜூல். மேசை உயரத்திலிருந்து உங்க போன் கீழே விழுந்தா வர்ற ஆற்றல்.

இப்போ அதே பைப், அதே 8 கிலோ, ஆனா உள்ளே காத்து. செகண்ட் இயர்ல படிச்ச அடியாபாட்டிக் விரிவு ஃபார்முலாதான். 9 பார் அப்சல்யூட்ல இருக்கிற 10 லிட்டர் காத்து வெளிக்காத்தோட அழுத்தத்துக்கு விரிஞ்சா எவ்வளவு வேலை செய்யும்? சுமார் 10,000 ஜூல். 50 கிலோ சிமெண்ட் மூட்டையை 20 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஆறாவது மாடியிலிருந்து, கீழே போடுற மாதிரி.

1.5 எங்கே, 10,000 எங்கே! கிட்டத்தட்ட ஏழாயிரம் மடங்கு. கணக்கை மூணு தடவை போட்டுப் பார்த்தேன், யூனிட்ல தப்பு பண்ணிட்டேனோன்னு. இல்லை. கேஜ்ல முள் காட்டுற நம்பர் ரெண்டுக்கும் ஒண்ணுதான், பின்னாடி நிக்கிற ஆற்றல்தான் வேற. அதிலும் நான் பைப்ல இருக்கிற காத்தை மட்டும்தான் கணக்குல எடுத்தேன். லைனோட அந்தப் பக்கம் திறந்தபடி 160 லிட்டர் டேங்க் ஒண்ணு நிக்குது.

காலையில மாமாகிட்ட நோட்டைக் காட்டினேன். அமைதியா பார்த்தார். "சரி, நிறைய சக்தி இருக்குது. ஆனா பைப்பு உடஞ்சாத்தான அது வெளிய வரும்? 10 கிலோ பைப்பு 8 கிலோவுக்கு ஏன் உடையணும்?"

நல்ல கேள்வி. இதுக்குத்தான் நம்ம மெட்டீரியல்ஸ் பேப்பர் உதவுச்சு.

முதல்ல, அந்த 10 கிலோங்கிறது எதோட கணக்கு? நம்ம ஊர் பிவிசி தண்ணிக் குழாய்க்கான ஐஎஸ் 4985ல பைப்பை 2.5 கிலோவிலிருந்து 12.5 கிலோ வரைக்கும் வகுப்பு பிரிச்சிருக்காங்க. அந்த ரேட்டிங் 27 டிகிரிக்கு. சூடு ஏற ஏற பிவிசி தாங்கும் சக்தி வேகமா இறங்கும். அமெரிக்காவில் பிவிசி பைப்புக்குப் பயன்படுத்துற டேபிள்படி 43 டிகிரியில் ரேட்டிங் பாதி. 60 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். மாமா ஷெட்டுக்குத் தகரக் கூரை. மே மாச மதியம் கூரையை ஒட்டிப் போற பைப் என்ன சூட்டில் இருக்கும்னு நான் சொல்லவே வேண்டாம், கை வச்சாலே தெரியும். போதாததுக்கு கம்ப்ரசரிலிருந்து வர்ற காத்தே சூடு. 30 டிகிரி காத்தை ஒரே ஸ்டேஜில் 9 பார் அப்சல்யூட்டுக்கு அழுத்தினா தியரிப்படி 290 டிகிரி வரும். சிலிண்டர் துடுப்புகளும் டேங்க்கும் வெப்பத்தை இழுத்துக்கிறதால நிஜத்தில் அவ்வளவு இல்லை. ஆனா டெலிவரி பைப்பைத் தொட்டவங்களுக்கு அனுபவம் இருக்கும். ஆக மாமா நம்பின "ரெண்டு கிலோ மிச்சம்" காலை ஆறு மணிக்கு இருக்கலாம். மதியம் ரெண்டு மணிக்கு இல்லை.

ரெண்டாவது, உடையுற விதம். ஒரு ஜிஐ பைப்பில் ஓட்டை விழுந்தா அந்த இடத்தில் உஸ்ஸுன்னு காத்து போகும். துரு தின்னு பொத்தல் விழும், அவ்வளவுதான். பிவிசி அப்படி இல்லை, அது நொறுங்குற ஜாதி. ஒரு மயிரிழை விரிசல் ஓட ஆரம்பிச்சா நிக்காம ஓடும். பைப்பில் தண்ணி இருந்தா, விரிசல் கொஞ்சம் திறந்ததுமே அழுத்தம் சட்டுனு செத்துப்போகும், ஏன்னா தண்ணி விரியாது. விரிசலைத் தள்ள ஆளில்லை. காத்து அப்படியா? விரிசல் ஓட ஓட பின்னாடியே விரிஞ்சுக்கிட்டு வந்து தள்ளும். அதனால பைப் ஒரு இடத்தில் மட்டும் உடையாது, நீளமா சில்லு சில்லாப் பிளந்து பறக்கும். காத்து ஒண்ணும் பண்ணாது, பறக்குற சில்லுதான் ஆளைக் குத்தும்.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயமும் இல்லை. அமெரிக்காவில் பிளாஸ்டிக் பைப் தயாரிக்கிறவங்களோட சொந்த அமைப்பான பிளாஸ்டிக்ஸ் பைப் இன்ஸ்டிட்யூட்டே, தரைக்கு மேல திறந்தவெளியா ஓடுற காத்து லைனுக்கு இந்த வகை பிளாஸ்டிக் பைப்பைப் போடாதீங்கன்னு 1972லயே சொல்லியிருக்கு. விக்கிறவனே வேண்டாங்கிறான்! டெக்சாஸில் ஒரு ஆலையில் பிவிசி ஏர் லைன் வெடிச்சு ஒரு தொழிலாளிக்குக் காயம் பட்ட பிறகு, 1988ல் அந்த நாட்டுத் தொழில் பாதுகாப்புத் துறையான ஓஷாவும் இதைப் பத்தி எச்சரிக்கை விட்டுச்சு.

சிபிவிசி போட்டா சரியாயிடுமான்னு கேட்டார் மாமா. சூடு கொஞ்சம் கூடத் தாங்கும், ஆனா அதுவும் நொறுங்குற குடும்பம்தான். மேலும் சில சிந்தெடிக் கம்ப்ரசர் ஆயில் பட்டா சிபிவிசியில் விரிசல் விழும். கம்ப்ரசர்ல இருந்து காத்தோட கொஞ்சம் ஆயிலும் சேர்ந்துதான் வரும்.

"ஆறு மாசமா ஓடுது, ஒண்ணும் ஆகலியே"ன்னு கடைசியா ஒரு வார்த்தை சொன்னார். அப்புறம் அவரே எழுந்து போய் டேங்க் வால்வை மூடி, லைன்ல இருந்த காத்தை இறக்கிவிட்டு, ஹேக்ஸா எடுத்தார். ஷெட்டுக்கு வெளியே ஆறு மாசம் வெயில் பட்ட துண்டையும், உள்ளே நிழல்ல இருந்த துண்டையும் தரையில வச்சு ஒரே சுத்தியலால ஒரே மாதிரி தட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தது நசுங்கி ஒரு கீறல் விட்டது. வெளியே இருந்தது அஞ்சாறு துண்டா எகிறுச்சு. ஒரு சில்லு பெஞ்சுக்கு அடியில போய் விழுந்தது. மாமா அதை எடுத்துக் கையில வச்சுப் பார்த்துக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னார். அதுக்கப்புறம் இந்த விஷயத்தில் எங்களுக்குள்ள வாக்குவாதமே வரலை.

சரி, அப்போ எதைப் போடுறது?

காப்பர்தான் மனசுக்குப் பிடிச்சது. துருப் பிடிக்காது, உள்ளே வழவழன்னு இருக்கும், பிரேசிங் நல்லா பண்ணினா லீக்கே இருக்காது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் லைன் காப்பர்லதான் போடுறாங்க. ஆனா 20 மீட்டருக்கு விலை கேட்டதும் மாமா போனை வச்சுட்டார். கம்பெனிகள்ல இப்போ நீலக் கலர்ல அலுமினியம் பைப் போடுறாங்களே, இன்டஸ்ட்ரியல் விசிட்ல பார்த்திருப்பீங்க. தள்ளினா லாக் ஆகிற ஃபிட்டிங், அரை நாள்ல வேலை முடியும். அதோட பைப்பை விட ஃபிட்டிங் விலைதான் கடிக்கும். வீட்டு ஷெட்டுக்கு அது ஆடம்பரம்.

உள்ளேயும் வெளியேயும் பாலிஎத்திலீன், நடுவுல அலுமினியம் வச்ச சுருள் பைப் ஒண்ணு இருக்கு. நல்ல சாமான். சுருளா வர்றதால ஜாயின்ட் ரொம்பக் குறைவு, கையாலேயே வளைக்கலாம். ஆனா வாங்கும்போது காத்துக்கு எத்தனை பார், எத்தனை டிகிரியிலன்னு தயாரிப்பாளர் எழுத்துல கொடுத்திருக்காரான்னு பாருங்க. கடைக்காரர் வாயால "போடலாம் தம்பி"ன்னு சொல்றது கணக்குல வராது. பாலிப்ரொப்பிலீன் பைப்புக்கும் இதே விதிதான்: காத்துக்குன்னே செஞ்சு விக்கிறது இருக்கு, வெந்நீருக்குச் செஞ்சதும் இருக்கு, பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். எங்க விஷயத்துல இன்னொரு தடங்கல், அந்த ஷெட்ல நாள் முழுக்க வெல்டிங் பொறி பறக்குது. பிளாஸ்டிக் எதுவா இருந்தாலும் அங்கே செட் ஆகாதுன்னு முடிவு பண்ணோம்.

கடைசியில் ஜிஐ. பழைய ஆள், ஆனா எங்க வேணா கிடைக்கும், த்ரெட் போட ஊர் பிளம்பரே போதும், மாமாவுக்குக் கை பழகின வேலை. ஐஎஸ் 1239ல லைட், மீடியம், ஹெவின்னு மூணு வகுப்பு; பைப்பில் மஞ்சள், நீலம், சிவப்புன்னு கலர் பட்டை அடிச்சிருக்கும். த்ரெட் போடும்போது பைப்போட கனத்துல பாதிக்கு மேல போயிடும்ங்கிறதால லைட் வேண்டாம். நீலப் பட்டை மீடியம் வாங்கினோம். அதுக்குக் குறையும் இருக்கு. வருஷம் போகப் போக உள்ளே துரு, உதிர்ந்த துத்தநாகத் துகள் எல்லாம் காத்தோட வரும். பெயிண்ட் கன்னுக்கு முன்னாடி ஃபில்டர் கட்டாயம். கையில வெல்டிங் செட் இருக்கேன்னு ஜிஐயை வெல்ட் பண்ணாதீங்க. துத்தநாகப் புகை உள்ளே போனா ராத்திரி குளிர் ஜுரம் வரும், மாமாவுக்குச் சின்ன வயசுல வந்திருக்கு.

சைஸ் விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க. மாமா ஷெட்ல வெளியே போற கடைசி 15 மீட்டருக்கு முன்னாடி 8 எம்எம் பியூ டியூப் போட்டிருந்தாராம். உள் விட்டம் 5 எம்எம். கம்ப்ரசர் கொடுக்கிற சுமார் 10 சிஎஃப்எம் காத்தை அதுல தள்ளினா, 7 பார்ல வேகம் வினாடிக்கு 30 மீட்டர் வரும். அந்த 15 மீட்டர்லேயே ரெண்டு பாருக்கு மேல அழுத்தம் போயிடும். அரை இன்ச் ஜிஐயில அதே காத்து, அதே தூரம் போனா இழப்பு கேஜ்ல கண்டுபிடிக்கவே முடியாத அளவு. காரணம், அழுத்த இழப்பு விட்டத்தோட ஐந்தாம் அடுக்குல மாறுது. விட்டம் மூணு மடங்குன்னா இழப்பு இருநூறுல ஒரு பங்குக்கு வந்துடும். "பெயிண்ட் கன் சரியா அடிக்கல"ன்னு பெரிய கம்ப்ரசர் வாங்கப் போறவங்க முதல்ல டியூப்பைப் பாருங்க. எங்களுக்கு அரை இன்ச்சே போதும். பின்னாடி மெஷின் சேர்ப்பேன்னு மாமா மெயின் லைனை முக்கால் இன்ச்சா போட்டார். கிளைகள் அரை இன்ச்.

கம்ப்ரசரிலிருந்து லைனுக்கு நேரா ஜிஐயை மாட்டலை. டேங்க் வாயில ஒரு பால் வால்வு, அதுக்கப்புறம் அரை மீட்டர் ஏர் ரேட்டிங் உள்ள ரப்பர் ஹோஸ், அப்புறம்தான் பைப். கம்ப்ரசரோட அதிர்வு இரும்புப் பைப்புக்குப் போனா த்ரெட்லயே விரிசல் விடும்.

தண்ணி, திரும்பவும்

பைப் எதுவா இருந்தாலும் தப்பிக்க முடியாத ஒண்ணு இருக்கு. காத்துல இருக்கிற ஈரம். 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம்னு வச்சுக்குங்க. நம்ம ஊருக்கு இது ஒண்ணும் அதிசயமில்ல. ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். அதை 8 பாருக்கு அழுத்தினா கொள்ளளவு ஒன்பதுல ஒரு பங்கா சுருங்கும். திரும்ப 30 டிகிரிக்கு ஆறினதும் அந்தச் சின்ன இடத்துல மூணரை கிராம்தான் நீராவியா இருக்க முடியும். மீதி கிட்டத்தட்ட 18 கிராம் தண்ணியாக வேண்டியதுதான். 10 சிஎஃப்எம்ங்கிறது மணிக்கு 17 கன மீட்டர். பெருக்கிப் பாருங்க, ஒரு மணி நேரம் ஓடினா 300 மில்லி தண்ணி! இதுல பாதி டேங்க் அடியில தங்கும். மீதி சூடா நீராவியாவே லைனுக்குள்ள வந்து, போற வழியில ஆறி தண்ணியாகும். ஸ்ப்ரே அடிச்ச கிரில்ல சின்னச் சின்னக் குழி விழுறதுக்கு பெயிண்ட் கம்பெனியைத் திட்டிக்கிட்டிருந்தார் மாமா.

அதனால லைன் போடும்போது ரெண்டு விஷயம் பண்ணோம். மெயின் லைனை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்குற மாதிரி, கம்ப்ரசரை விட்டு விலகுற பக்கமா சரிச்சோம். ஒவ்வொரு கிளையையும் மெயின் லைனோட மேல் பக்கத்திலிருந்து எடுத்து, ஒரு வளைவு கொடுத்துக் கீழே இறக்கினோம். கீழ்ப் பக்கத்திலிருந்து எடுத்தா ஓடுற தண்ணியெல்லாம் நேரா பெயிண்ட் கன்னுக்குத்தான். கிளை கீழே வந்ததும், காத்து எடுக்கிற இடத்துக்குக் கீழேயும் பைப் ஒரு அடி நீளும். அடியில ஒரு சின்ன பால் வால்வு. தண்ணி அந்தக் காலுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். எஃப்ஆர்எல் யூனிட் கன்னுக்குப் பக்கத்துல. பெயிண்ட் லைன்ல லூப்ரிகேட்டரைக் கழட்டிட்டோம், பெயிண்ட்ல ஆயில் கலந்தா அவ்வளவுதான்.

த்ரெட் முடிச்சதும் மாமா உடனே கம்ப்ரசரை ஆன் பண்ணப் போனார். நான் விடலை. பிளம்பர்கிட்ட கையால அடிக்கிற டெஸ்ட் பம்ப் வாங்கிட்டு வந்து, லைன் முழுக்கத் தண்ணி நிரப்பி, காத்துக் குமிழ் இல்லாம வெளியேத்திட்டு, 12 கிலோ வரைக்கும் ஏத்தி அரை மணி நேரம் விட்டோம். ஏன் தண்ணி? அந்த 1.5 ஜூல்தான் காரணம். எந்த ஜாயின்டாவது விட்டுச்சுன்னா சட்டை நனையும், வேற ஒண்ணும் ஆகாது. ரெண்டு எல்போவுல கசிஞ்சுது, கழட்டி சணல் சுத்தி மறுபடி இறுக்கினோம்.

அப்புறம் தண்ணியை வடிச்சுட்டு காத்து ஏத்தி, சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தோம். எல்லாம் சரி மாதிரிதான் இருந்தது. ராத்திரி 8 கிலோ ஏத்தி டேங்க் வால்வை மூடிட்டுப் படுத்தோம். காலையில லைன் கேஜ்ல முள் சைபர். டேங்க் வால்வைத் திறந்து வச்சிருந்தா இது தெரிஞ்சே இருக்காது. டேங்க் ஊட்டிக்கிட்டே இருக்கும், கம்ப்ரசர் நடுராத்திரி தானா ஓடி நிக்கும், கரண்ட் பில் மட்டும் ஏறும். லைன்ல மட்டும் ஏழு லிட்டர் இடம்தான்ங்கிறதால சின்ன லீக்கும் மாட்டிக்கும். ஒரு மில்லிமீட்டர் ஓட்டை 7 பார்ல வினாடிக்கு ஒரு லிட்டர் காத்தை விடும். அதாவது ரெண்டு சிஎஃப்எம், மாமா கம்ப்ரசரோட உழைப்புல ஐந்துல ஒரு பங்கு. தேடினப்போ எங்க த்ரெட் எதுலயும் தப்பில்லை, மலிவா வாங்கின குயிக் கப்ளர்தான் உள்ளே வாஷர் சரியில்லாம விட்டுக்கிட்டிருந்தது. மாத்தினதும் மறுநாள் காலை முள் ஏழரையில நின்னுச்சு. இதுக்கு மேல மெனக்கெட வேண்டாம்னு விட்டுட்டோம்.

பையன் பெஞ்ச் இப்பவும் அதே இடத்துலதான் இருக்கு. டேங்க் அடி வால்வைத் தினமும் திறக்கிறது, சேஃப்டி வால்வ் வளையத்தை மாசம் ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறது ரெண்டும் அவன் அப்பாவோட வேலை. லைன் காலிலிருந்து தண்ணி பிடிக்கிறது அவன் வேலை. ஒரு லிட்டர் பாட்டில்ல மார்க்கரால கோடு போட்டு, தேதி எழுதி வைக்கிறான். ஐப்பசி மழை ஆரம்பிச்ச வாரம் ராத்திரி மாமா போன் பண்ணி, "மாப்ள, இன்னிக்கு முக்கால் பாட்டில்"னார்.